அண்ணனின் கப்பலும் என் முடிச்சுகளும்

தையல்காரிகளுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் நூலோ கயிறோ கிடைத்தால் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். அதன்மேல் இன்னொன்றும் போடுவோம். அவிழ்கிற முடிச்சைப் போல எங்கள் தொழிலில் அவமானம் வேறில்லை. மாத்தளை டவுனில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், நான் தைத்த பிளவுஸில் ஒரு கொக்கிகூடப் பிய்ந்து வந்ததில்லை (ஒரு கல்யாண வீட்டில் துணி கிழிந்ததுண்டு, கொக்கி அப்படியே இருந்தது). இந்தத் தலைக்கனத்தோடுதான் நான் ஒரு கப்பலில் கை வைத்தேன்.

கப்பல் என் அண்ணனுடையது. குணம் அண்ணன் வயரிங் வேலை செய்தவர். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் கடல் என்பது எப்போதாவது பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சமாச்சாரம். அப்படிப்பட்டவருக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான். கண்டிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார், வந்து படுத்துவிடுவார். வலியைவிட அவரை வாட்டியது தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டொக்டர் கணக்காகச் சொல்லியிருந்தார். காலையில் சாந்தி அண்ணி அதை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி அவர் தலைமாட்டில் வைத்துவிடுவார். மாத்திரை விழுங்குவதற்கும் அதில்தான்.

படுத்தபடியே போனில் அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்களைப் பார்க்க ஆரம்பித்தார். இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன்.

"கப்பல்காரங்களுக்கும் அளந்துதான் தண்ணி குடுப்பாங்களாம் கலா," என்றார். "சுத்திவர எம்புட்டுத் தண்ணி இருந்தாலும் குடிக்க முடியாது. என்னைய மாதிரிதான்."

என் வாயில் குண்டூசிகள் இருந்தன. பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பிறகு லேசான அல்பீசியா மரப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, உட்கார முடிந்த நாட்களில் எல்லாம் செதுக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு குழந்தை நீளத்துக்குக் கப்பலின் உடம்பு வந்தது. மூன்று பாய்மரம் நட்டார். அதற்குள் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்து, நூல் பிடிக்க முடியாமல் போனது. கயிறு கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. வந்தது என்ன, நானே போய்ப் பிடுங்கிக்கொண்டேன். நூல் என்றால் என்னை விட்டால் யார்?

அண்ணன் கட்டிலில் இருந்தபடி பாடம் நடத்தினார். கப்பலில் கயிறு இரண்டு ஜாதியாம். ஒன்று, பாய்மரத்தைப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது. அது அசையவே கூடாது. இன்னொன்று, பாயை ஏற்றி இறக்கி, காற்றுக்குத் தக்கபடி திருப்புவது. அது தாராளமாக ஓட வேண்டும். முதல் ஜாதி எனக்கு உடனே பிடித்துவிட்டது. இரண்டாவதைக் காதில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பெயர்கள் வேறு என் உயிரை வாங்கின. ஒருநாள் "ஷீட்டைக் கொஞ்சம் தளர்த்து" என்றார். ஷீட் என்றால் எனக்குத் தெரிந்தது பெட்ஷீட். நான் தைத்து மாட்டியிருந்த பாயைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அன்று முழுக்க உட்கார்ந்து பாயின் தையலைப் பிரித்து, துணி சேர்த்து, அகலமாக்கித் தைத்தேன். மறுநாள் பார்த்துவிட்டு அண்ணன் பாயின் கீழே தொங்கிய கயிற்றைத் தொட்டுக் காட்டினார். ஷீட் என்பது பாயின் கீழ்முனையைப் பிடிக்கிற கயிறாம். கயிற்றுக்கு யாராவது ஷீட் என்று பெயர் வைப்பார்களா? ஒரு பாய் மட்டும் அகலமாக இருந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று மற்றப் பாய்களையும் அகலமாக்கினேன். கடையில் மிஞ்சிய வெள்ளை சாட்டின் துணி. கப்பல் மணப்பெண் மாதிரி ஜொலித்தது. ஓட வேண்டிய கயிறு, ஓடக்கூடாத கயிறு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை நறுக்கினேன்.

முடிந்த அன்று அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்த்தார். "வடிவா இருக்கு" என்றார். தண்ணீரில் விட்டுப் பார்ப்போம் என்றும் சொன்னார். அண்ணி வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரின் ஆட்டோவில் நாலந்தா குளத்துக்குப் போனோம். பின்சீட்டில் அண்ணனும் அண்ணியும் நானும், எங்கள் மூன்று பேர் மடியிலும் குறுக்கே கப்பல். வழியெல்லாம் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

குளக்கரையில் சிங்களக் குடும்பம் ஒன்று குளித்துக்கொண்டிருந்தது. அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்க அண்ணி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கப்பலைத் திரும்ப இழுப்பதற்கான நீளக் கயிற்றைக் கட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கப்பலின் முகப்பில், தண்ணீர் மட்டத்தில், அதற்கென்றே அண்ணன் ஒரு சின்ன வளையம் பூட்டியிருந்தார். எனக்கு அந்த வளையத்தில் நம்பிக்கை வரவில்லை. கப்பலிலேயே பலமான இடம் எது? நடுப் பாய்மரம். எத்தனை கயிறு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! அதன் உச்சியில் கட்டினேன். இரட்டை முடிச்சு.

முதலில் எல்லாம் அழகாகத்தான் நடந்தது. காற்று சாட்டின் பாய்களை உப்பவைத்தது. கப்பல் உயிர் வந்ததுபோலக் கரையை விட்டு நகர்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் வாய் லேசாகத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கப்பல் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. கயிறு தீரப்போகிறது என்றார் என் வீட்டுக்காரர். அப்படியென்றால் இழுங்கள் என்றேன்.

இழுத்தார். உச்சியில் கட்டிய கயிறு வேறென்ன செய்யும்? கப்பல் எங்கள் பக்கம் திரும்பி, பெரிய மனிதருக்கு வணக்கம் வைப்பதுபோலக் குனிந்தது. பதறிப்போய் இன்னும் இழுத்தார். அது பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. பாய் தளர்ந்து கொடுத்திருந்தால் தப்பித்திருக்கும், ஓட வேண்டிய கயிற்றையெல்லாம்தான் நான் முடிச்சுப் போட்டிருந்தேனே. சாட்டின் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. நான் சேலையோடு குளத்தில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் சேறு வழுக்கி விழுந்து, கயிற்றில் கால் சிக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கப்பல்தான் கனக்கிறது என்று நினைத்து முழுப் பலத்தோடு இழுக்க, கரைக்கு முதலில் வந்து சேர்ந்தது நான். குளித்துக்கொண்டிருந்த பெண் "அனே பவ்" என்று பரிதாபப்பட்டாள். (கப்பலுக்கா எனக்கா என்று கேட்க நான் எழுந்து நிற்கவில்லை.)

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்ததிலிருந்து அவர் சத்தமாகச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. நாற்காலியோடு சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். அண்ணி பயந்துபோய்ப் போத்தலை எடுத்தார். அது காலி. அன்றைய அளவு முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றவர், பையிலிருந்து தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அவருக்குக் கொடுத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தார்.

கப்பலைக் கரைக்கு எடுத்து அவர் காலடியில் வைத்தோம். பாய்மரம் ஒன்று முறிந்திருந்தது. அண்ணன் குனிந்து கயிறுகளைத் தடவிப் பார்த்தார்.

"கப்பல் போயிருச்சு. ஒரு முடிச்சுகூட அவுரல பாரு," என்றார்.

இது இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"ஓடுற கயித்தையும் சேத்துக் கட்டுனியே, அன்னைக்கே தெரியும். நீ அம்புட்டு ஆசையா கட்டுனத நான் எப்டி அவுக்கச் சொல்றது?"

ஈரச் சேலையோடு நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே தண்ணீராக இருந்தது.

முறிந்த பாய்மரத்தை மாற்றி, ஓட வேண்டிய கயிற்றை ஓடவிட்டு, மறுபடியும் கட்டுவோம் என்று பேசிக்கொண்டோம். அதற்குக் காலம் கிடைக்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

சாவு வீட்டில் அண்ணி விடியற்காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. அழவுமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் அத்தை எவ்வளவோ சொல்லியும் ஒரு வாய் தேநீர் குடிக்கவில்லை. வெளியே ரோட்டோரம் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்ட நூல் போதவில்லை என்றார்கள். நான் கடையைத் திறந்து ஒரு பெரிய உருண்டை கொண்டுவந்தேன். ஏதாவது ஒரு வேலை செய்தால் தேவலை என்றிருந்தது. வாசல் தூணில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடப் போனேன்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அவகிட்ட கயித்தக் குடுக்காதீங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அண்ணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன வேகத்தில் அவரே சிரித்துவிட்டார். நூலின் மறுமுனையைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் அதைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். விஷயம் தெரியாத சனங்கள் இந்தக் குடும்பத்துக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அண்ணி அப்புறம் அழ ஆரம்பித்தார். அத்தை அவரைக் கட்டிக்கொண்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தோரணம் கட்டினாலும், லொறியில் சாமான் ஏற்றினாலும், கொடியில் துணி காயப்போட்டாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்கள். அவளிடம் கயிற்றைக் கொடுக்காதீர்கள். போன மாதம் என் மகனைக் கட்டி வந்த புது மருமகள் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அவர் சொல்கிற கதையில் நான் குளத்தின் நடுவரைக்கும் போய்விடுகிறேன், கப்பலும் வீட்டளவு பெரிதாகிவிடுகிறது. நான் மறுப்பதில்லை. அந்தக் கதை முடிகிறவரைக்கும் அண்ணன் கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நானும் கேட்க உட்கார்ந்துவிடுவேன்.