மர்டோ கிலெஸ்பி கோல் காத்த படலம்

வடகடல் வாடை வாளெனச் சுழலும் இன்வர்ட்ராகித் துறையூரின் காவலனே, இரு கம்பங்களுக்கும் ஒரு குறுக்குச் சட்டத்துக்கும் இடையே இளமை முழுதையும் ஈரச் சேற்றில் இழைத்த ஏந்தலே, மர்டோ கிலெஸ்பியே, நீ வாழ்க! நின் கையுறை வாழ்க! அக்கையுறை வழியே நழுவிய பந்துகளும் எங்கேனும் நலமாய் வாழ்க!

ஸ்காட்லாந்துக் கால்பந்துப் பிரிவுகளுள் கடைசிப் பிரிவிலே, இன்வர்ட்ராகி ரோவர்ஸ் என்னும் படைக்கு முடி நரைக்குமளவும் கோல் காத்தவன் அவன். ஒருநாள் இம்மாவீரன் கையிலிருந்த பந்தை விண்ணதிர உதைக்க, அது முகிலைத் தொட்டு, மனம் மாறி, காற்றின் முதுகேறித் திரும்பி, அண்ணாந்து நின்றவன் தலையைக் கடந்து அவன் வலைக்குள்ளேயே புகுந்தது. அத்தகையவனைப் பின்னாளில் பயிற்சியாளனாய் அமர்த்தியது ஏனென்பீராயின், வேறெவரும் விண்ணப்பிக்கவில்லை.

ஒழுகும் தகரக் கூரையின் கீழ்க் கிடந்த பலகையாகிய அரியணையில் அவன் ஏறிய ஆண்டின் இறுதிப் போர் மூண்டது. எதிரே கில்மோரிக் படை. சமன் செய்தால் பிரிவில் நீடிக்கலாம்; தோற்றால் வெளியேற்றம், ஞாயிறுதோறும் பூங்காவில் தொப்பையாட ஓடுவோரோடுதான் இனி ஆட்டம். ஆளுக்கொரு கோலோடு பொழுது முடியவிருந்த வேளை, ரோவர்ஸ் கோல்காப்பாளன் ரோரி, பாய்ந்துவந்த பகைவனின் காலை வாரிவிட்டுத் தானும் கம்பத்தில் மோதி விரலொடிந்தான். நடுவர் பெனால்டி என ஊதினார்.

மாற்றுக் கோல்காப்பாளர் எவரும் அகப்படாமையால் மர்டோ தன் பெயரையே ஆட்டப் பட்டியலில் பதிந்து வைத்திருந்தான். அவன் எழக் கண்டு அணித்தலைவன் ஸ்ட்ருவன் ஓடிவந்தான்.

"பாஸ், வேணாம். நான் நிக்கிறேன்."

"பந்தைக் கையால பிடிக்கத் தெரியுமாடா உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமா பாஸ்?"

ரோரியின் சட்டைக்குள் புகுந்தான் வீரன். வயிறு மட்டும் புக மறுத்து வெளியே நின்று போர்க்களத்தை நோக்கியது.  கம்பங்களுக்கிடையே சென்று கைகளை அகல விரித்து, கடலும் கேட்க முழங்கினான்.

"என்னைத் தாண்டித்தான் பந்து உள்ள போகணும்!"

"எப்பவும் அப்படித்தானேய்யா போகுது!" என்றாள் அரங்கின் முன்வரிசையிலிருந்து கறிக்கடை இஸபெல்.

"நீ தைரியமா விழு ராசா, தூக்க கிரேன் சொல்லியிருக்கோம்!" என்றது பின்வரிசை.

மதங்கொண்ட களிறெனக் கில்மோரிக்கின் லெனக்ஸ் ஓடிவந்தான். வலப்புறம் பாய்க என்று மர்டோவின் மூளை ஆணையிட்டது. அவ்வாணை கழுத்திறங்கி, வயிற்றைச் சுற்றி நெடுவழி நடந்து, முழங்காலை அடையுமுன், இடியெனப் புறப்பட்ட பந்து நேரே வந்து அவன் மூக்கில் மோதியது. மூக்கு அதிர, முகில் அதிர, திரும்பிய பந்தை ஸ்ட்ருவன் அரங்கக் கூரைக்கு அப்பால் உதைத்தெறிய, இறுதி ஊதல் ஒலித்தது!

ஆர்த்தது ஊர்! இஸபெல் அறியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். குருதி ஒழுகும் முகத்தோடு, தான் காத்த கோலைத் திரும்பித் திரும்பிப் பார்த்து நகைத்து நின்ற கொற்றவனை வீரர்கள் தோளேற்ற முயன்று, இறக்கிவைத்து, மூச்சுவாங்கி, மீண்டும் தூக்கி, வெற்றிக்கொடி பறக்க, வாடையும் வாழ்த்த, வலம் வந்தனர்!

மூக்கு வீங்கிவிட்டதால் அன்று ராத்திரி அவர் சூப் மட்டும் குடித்தார்.