பதினேழு வீடுகளும் பதுளை நிருபரும்

பதுளை, கடைவீதி,
விரோதிகிருது வருஷம் ஐப்பசி மாதம் 7ந் தேதி, திங்கட்கிழமை.

கொழும்பு மாநகரில் வீற்றிருக்கும் மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் பதுளை நிருபரும் ஜவுளி வியாபாரியுமாகிய ராமாமிர்தம் இரு கரமும் கூப்பி எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் தங்கள் கடாட்சத்தால் நானும் என் மனைவி தனலெட்சுமியும் பெண்மக்கள் மூவரும் நேற்று மத்தியானம் வரை க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்தையும் அச்சுக்கூடத்தின் க்ஷேமத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன். இனி எழுதப்போவதைத் தாங்கள் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இந்த வெள்ளிக்கிழமை கந்தசஷ்டிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பாட இந்தியாவிலிருந்து நாதவாரிதி நல்லபெருமாள் பாகவதர் வருகிறார் அல்லவா, அவருடைய ஏஜெண்டு ரோஜா வர்ணக் காகிதத்தில் அச்சடித்த 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' ஒன்றை எனக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தார். பாகவதர் பிறந்தவுடனே சுருதி பிசகாமல் அழுதார், மருத்துவச்சி தாளம் போட்டாள் என்று அது தொடங்குகிறது. தீபாவளி வியாபார நேரம். என் ஒரு கையில் முழக்கோல், மறு கையில் கத்தரிக்கோல். சொந்தமாக நாலு வரி எழுதினால் தப்பு வந்துவிடுமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. ஏற்கெனவே அச்சில் வந்ததை அச்சுக்கு அனுப்பினால் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று ஒரு எழுத்து விடாமல் காப்பி எழுதி அனுப்பினேன். தாங்களும் ஒரு எழுத்து விடாமல் போட்டீர்கள். அடியிலே 'நமது பதுளை நிருபர் ராமாமிர்தம்' என்று தடித்த எழுத்தில் பார்த்தபோது நான் அடைந்த சந்தோஷத்தில் அந்தத் தாளைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தேன். இப்போது அதைக் கிழித்தெடுத்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தை நான் காப்பி எழுதினேனே தவிரப் படிக்கவில்லை. தாங்களும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அதில் நடுவே இப்படி இருக்கிறது: 'சமஸ்தானத்து மூன்று வருஷப் பஞ்சம் தீரப் பாகவதர் மழை ராகத்தை ஆலாபனை செய்ய, வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, பெரிய ஏரி கரையுடைந்து, கரையடியில் இருந்த பதினேழு வீடுகளும் அடியோடு போயின. வித்தையின் மகிமையை என்னென்பது! இதை நாம் கண்ணாரக் கண்டோம்.' கண்டவர் ஏஜெண்டு. கையெழுத்து என்னுடையது. ஐயா, நான் அந்த சமஸ்தானத்தைத் தேசப்படத்தில்கூடக் கண்டதில்லை.

நமுனுகுலை மலைச் சாரலில் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பெயர் வேண்டாம், அந்தத் துரை பொல்லாதவர். அங்கே முருகையா கங்காணியின் ஆட்கள் குடியிருக்கும் நாலு லயங்களும் ஒரு செம்மண் மேட்டுக்குக் கீழே வரிசையாக இருக்கின்றன. அந்த மேட்டில் ஆவணி மாதமே நீளமாக வெடிப்பு விட்டிருக்கிறது. கங்காணி துரையிடம் மூன்று முறை சொன்னார். என்னிடமும் சொன்னார். நானும் அதை நாலு வரியில் எழுதித் தங்களுக்கு அனுப்பினேன். இடமில்லை என்று தாங்கள் போடவில்லை. அதற்காகக் குறை சொல்ல வரவில்லை, பத்திரிகையில் இடம் எவ்வளவு அருமை என்று எனக்குத் தெரியாதா. பாகவதருக்கு ஒன்றே முக்கால் பத்தி போயிற்று.

அந்தப் பத்திரிகையைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒன்பது நாளைக்கு முன், சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்கு உரக்க வாசித்திருக்கிறார். மறுநாள் தீபாவளிச் சந்தை. வழக்கமாகக் கடை கொள்ளாத கூட்டம் வரும். அன்றும் வந்தது. ஆனால் ஒருவரும் துணியைத் தொடவில்லை. வானத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். மழை வேறு தூறுகிறது. கடைசியில் கைக்குழந்தையோடு நின்ற ராசம்மா என்கிற கொழுந்து பறிக்கிற பெண் முன்னால் வந்து, "ஏங்க மொதலாளி, பதினேழு வீடு போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, உள்ள இருந்த சனங்க என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

ஒன்பது வருஷமாக நிருபராக இருக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அந்தக் குழந்தைக்கு இரண்டு மாதம்கூட இராது. அது கொட்டாவி விட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. நான் காப்பி எழுதினேன் அம்மா என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் உளறிவிட்டது. "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல தாயி. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முந்தியே சட்டி முட்டியெல்லாம் தூக்கிக்கிட்டுக் கல்லு மண்டபத்துக்குப் போயிட்டாங்க" என்றேன். "எத்தன நாளு முந்தி?" என்றார் கங்காணி. "ஒரு வாரம், பத்து நாளு முந்தி" என்றேன். "நீங்க பாத்தீங்களா?" என்றார். "பாக்காம எழுதுவேனா?" என்றேன். இந்தக் கடைசி வார்த்தையை யார் என் வாயில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

அவர்கள் துணி வாங்காமல் திரும்பிப் போனார்கள். போனவர்கள் நேரே லயத்துக்குப் போய்ச் சட்டி முட்டி, ஆடு கோழி, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தேயிலை ஸ்டோரின் மேல்மாடிக்குக் குடிபோய்விட்டார்கள்! அது கொழுந்து வாட்டுகிற இடம். துரை குதித்தாராம். இறங்கச் சொன்னால் ஒருவரும் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வரமாட்டோம், வேறு தோட்டத்துக்குப் போய்விடுவோம் என்று கங்காணி சொல்ல, சஷ்டி முடியும் வரை கிடந்து தொலையுங்கள் என்று விட்டாராம். கொழுந்தும் ஜனங்களும் ஒரே மாடியில் எட்டு நாளாக வாடுகிறார்கள். கணக்கப்பிள்ளையோ, "பேப்பர்காரன் புளுகுறான், நீங்க நம்புறீங்க" என்று தினமும் சிரிக்கிறாராம்.

இதற்கிடையில் ஏஜெண்டிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கட்டுரை பிரமாதமாம். அடுத்த பதிப்பில் 'இலங்கைப் பத்திரிகை நிருபர் நேரில் கண்டு எழுதிய சாட்சியம்' என்று அதையே சேர்க்கப் போகிறாராம், பத்துப் பிரதி அனுப்ப வேண்டுமாம். அதாவது அவர் எழுதியதற்கு நான் சாட்சி! அன்று நான் சாப்பிடவில்லை.

நேற்று மத்தியானம் கங்காணி ஐந்தாறு பேரோடு கடைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு அதிக பயமாயிருந்தது. "தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. மாடியில புள்ளைங்களுக்கு இருமல் கண்டுருச்சு. கணக்கப்புள்ள பொய்யிங்கிறாரு, நீங்க நெசங்கிறீங்க. வெள்ளிக்கெழம காலையில நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வாங்க. கற்பூரத்த அணைச்சு, கண்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, நாங்க மாடியிலேயே இருந்துக்குறோம். காணலேன்னா அதையும் சொல்லிருங்க, லயத்துக்கே போயிடுறோம்" என்றார்.

தாங்கள் கொழும்பில் இருப்பவர்கள். கோர்ட்டில் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வதோடு உங்களுக்கு முடிந்துவிடும். இங்கே எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யென்றால் அம்மன் விடமாட்டாள். பசறைப் பக்கம் ஒருவன் ஓர் ஆட்டுக்காகப் பொய்ச் சத்தியம் செய்து, ஒரு மண்டலத்துக்குள் இரண்டு கண்ணும் போயிற்று. தனலெட்சுமி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோற்றை வைக்கும்போது மட்டும், "மூணு பொண்ணுங்க இருக்கு, நெனப்புல வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி, காணவில்லை என்று உண்மையைச் சொல்லலாம் என்றால், ஒன்பது வருஷ நிருபர் கௌரவத்தோடு கடையையும் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். புளுகன் கடையில் யார் வேட்டி வாங்குவார்கள்? முழம் சரியாயிருக்குமா என்றல்லவா கேட்பார்கள்.

ஆகையால் தங்கள் பாதாரவிந்தங்களில் விழுந்து கேட்கிறேன். வியாழக்கிழமைப் பத்திரிகையில் ஒரு மறுப்புப் போட வேண்டும். 'பாகவதரைப் பற்றி வந்த சமாசாரம் நம் பதுளை நிருபர் எழுதியதன்று. அச்சுக்கோப்பவர் தவறுதலாக அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்' என்று இரண்டே வரி. அச்சுக்கோப்பவர் பெரிய மனது பண்ணினால் ஒரு குடும்பம் பிழைக்கும். அவருக்கு நல்ல கரைவேட்டி ஒன்று அனுப்பிவைக்கிறேன். அது வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் வந்துவிட்டால் நான் கற்பூரத்தின் பக்கமே போகவேண்டியதில்லை. ஜனங்களும் மாடியை விட்டு இறங்கி லயத்தில் அவரவர் காம்பரா அறைக்குப் போய் நிம்மதியாக இருப்பார்கள்.

தங்கள் குடும்பத்தில் சகல சம்பத்தும் பெருக வேண்டும், சந்தாதாரர்கள் பாக்கியில்லாமல் செலுத்த வேண்டும், எழுத்துப்பிழை ஒன்றும் அண்டாமல் பத்திரிகை நூறு வருஷம் நடக்க வேண்டும் என்று கதிரேசனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் ஊழியன்,
ராமாமிர்தம்.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை பகல். மழையினால் நேற்றுத் தபால் வண்டி புறப்படவில்லை. கடிதம் என் கையிலேயே இருக்கிறது. மேலே கேட்டதைச் செய்யவேண்டாம். மறுப்பைப் போட்டுவிடாதீர்கள், ஐயா! இதைத் தனியாகத் தந்தியிலும் சொல்கிறேன்.

இன்று காலை ஆட்கள் பெரட்டுக்கு நிற்கும்போது மேடு சரிந்துவிட்டது. கடைசி லயம் இல்லை. சுவர் இல்லை, கூரைத் தகரம் இல்லை, அங்கே லயம் இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். கங்காணியோடு போய் நானே பார்த்தேன். ராசம்மாவின் காம்பரா அந்த லயத்தில்தான். எல்லாரும் ஸ்டோர் மாடியில் குடியிருந்தபடியால் ஒரு கோழிகூடச் சாகவில்லை. நான் அந்தச் சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மொதலாளிக்கு முன்னமே தெரியும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மற்ற மூன்று லயமும் நிற்கின்றன. மேட்டில் மிச்சமும் நிற்கிறது, புதிய வெடிப்போடு. விழவேண்டியது விழுந்துவிட்டது, சஷ்டி முடிந்ததும் எல்லாரும் இறங்கவேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். வெடிப்பை வைத்து நான் பேசிப் பார்த்தேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஜனங்களுக்கும் இறங்க ஆசைதான், மாடியில் அவ்வளவு நெருக்கடி. "பாகவதருகிட்ட அந்த சக்தி இருக்குன்னு நீங்க சத்தியம் பண்ணுனா, தொர அடிச்சாலும் நாங்க எறங்க மாட்டோம். இல்லேன்னா அன்னிக்கே போயிடுறோம்" என்கிறார் கங்காணி. ராசம்மா அதற்குள் குழந்தையின் தொட்டிலை இரண்டாவது லயத்தில் கட்ட இடம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை போகிறேன். கண்டேன் என்றே சொல்லப் போகிறேன். ஏரியைக் கண்டேன், பதினேழு வீட்டையும் கண்டேன். தனலெட்சுமிக்கு இன்னும் சொல்லவில்லை. கற்பூரம் அணைத்த வலது கையை அம்மன் எடுத்துக்கொண்டால் துணி வெட்ட முடியாது. இடது கையால் அணைத்தாலும் சத்தியம் செல்லுமா என்று தங்களுக்குத் தெரிந்த குருக்கள் யாரிடமாவது, ஊர் பெயர் சொல்லாமல் விசாரித்து, வியாழக்கிழமைக்குள் தந்தி அடிக்கவும்.