புலிக்குப் பாடம் எடுத்த புள்ளியம்மாள்

ஒரு காட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. மான் புல்லைத் தின்றது, புலி மானைத் தின்றது, யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. சிங்கராஜாவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், 'அடிப்படை வாழ்க்கைத் திறன் மற்றும் கற்றல் திறன்' தொழிற்பயிற்சியில் தேறாத எவரும் இனி மேயவும் கூடாது, வேட்டையாடவும் கூடாது என்று முரசறையச் சொல்லிவிட்டார். அவர் மட்டும் தேற வேண்டியதில்லை. ராஜா அல்லவா.

ஆற்றங்கரை மருத மரத்தடியில் பயிற்சி நிலையம் தொடங்கியது. கரடியார்தான் பயிற்றுநர். முதல் நாளே விதிமுறைகளைப் படித்துக் காட்டினார். படிக்கிறவரைக்கும் சாப்பாடு நிலையத்தின் பொறுப்பு, புலிக்கும் மானுக்கும் ஒரே சுண்டல்தான். சக மாணவரைச் சாப்பிடக் கூடாது. தேறிய பிறகு அவரவர் தொழிலை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வகுப்பில் புள்ளியம்மாள் என்றொரு மான். முதல் பெஞ்சு. கேள்வி முடிவதற்குள் முன்னங்காலைத் தூக்கிவிடுவாள். கடைசி பெஞ்சில் வேங்கையப்பன் என்றொரு புலி. நேரத்துக்கு வரமாட்டான், வந்தால் தூங்குவான், எழுப்பினால் உறுமுவான். வேட்டையிலும் அவன் அப்படித்தான். மான்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகுதான் துறைக்கு வருவான், அதுவும் காடு முழுக்கக் கேட்கும்படி உறுமிக்கொண்டே வருவான். அதனால்தான் எலும்பும் தோலுமாக இருந்தான்.

நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் படிக்காத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் பொறுப்பை இறக்கிவைப்பது வாத்தியார்களின் வழக்கம். கரடியாரும் வைத்தார். தேறினால் இருவரும் தேறுவீர்கள், தவறினால் இருவரும் தவறுவீர்கள் என்றும் சொல்லிவிட்டார்.

புள்ளியம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாத்தியாரே நம்பிக் கொடுத்த வேலை. பயத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள். முதலில் நேர மேலாண்மை. அட்டவணை என்றால் என்னவென்றே அவனுக்கு விளங்கவில்லை. மாதிரிக்குத் தன்னுடைய நாளையே சொன்னாள். விடியும்போது எந்தத் துறையில் தண்ணீர் குடிப்பாள், வெயில் ஏறினால் எந்தப் புதர் நிழலில் படுப்பாள், எல்லாம். வேங்கையப்பன் அதை மட்டும் ஒரே தடவையில் மனப்பாடம் செய்தான். அடுத்தது பொறுமை. பிறகு வாயை மூடிக்கொண்டு கூர்ந்து கேட்பது. பிறகு தொட்ட வேலையைப் பாதியில் விடாமல் முடிப்பது. புலி நாளுக்கு நாள் மெருகேறினான். சருகின்மேல் நடந்தால்கூட சத்தம் வரவில்லை. கரடியார் புள்ளியம்மாளின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள் பூரித்துப் போனாள். பாராட்டு வந்துவிட்டால் படிக்கிற பிள்ளைகளுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

கடைசித் தேர்வு நேர்காணல். இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, இந்தப் படிப்பை முடித்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கரடியார் கேட்டார்.

வேங்கையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, நிதானமாகப் பேசினான். அப்படிப் பேசவும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"எனக்கு இலக்கு தெளிவா இருக்கு சார். நாளைக்கு விடியக்காலைல கிழக்குத் துறைக்குப் போவேன். சத்தம் போடாம புதர்ல காத்திருப்பேன். எங்க புள்ளியம்மா டீச்சர் தண்ணி குடிக்க வருவாங்க. அவங்க சொல்லிக்கொடுத்த எதையும் வீணாக்க மாட்டேன் சார்."

எந்த மாணவனும் இவ்வளவு திட்டத்தோடு பேசிக் கரடியார் கேட்டதில்லை. கண் கலங்கி முழு மதிப்பெண் போட்டார். புள்ளியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாளும் தன்னைப் பிடிக்கத்தான் அவனைத் தயார் செய்திருக்கிறாள் என்று. அதற்குள் கரடியார் அவள் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

அவளுக்குப் பதில் தெரியும். வகுப்பு முழுவதற்கும் அந்தப் பதிலை எழுதிக்கொடுத்தவளே அவள்தான். சொன்னால் இருவருக்கும் சான்றிதழ், விடிந்தால் கிழக்குத் துறை. நாக்கு நுனிவரை வந்துவிட்ட சரியான விடையை விழுங்குவது அவளுக்குச் செத்துப் பிழைப்பதாக இருந்தது. முன்னங்கால் வேறு தானாக மேலே போனது. அதைக் கீழே ஊன்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து வாயில் வராத வார்த்தையைச் சொன்னாள்.

"தெரியாது சார்."

இருவரும் ஃபெயில். உயிர் தப்பிய சந்தோஷத்தைவிட அந்த அவமானம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மரத்தடியில் நின்று விம்மி விம்மி அழுதாள். வேங்கையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னான்.

"அழாதீங்க டீச்சர். அரியர்தானே, எல்லாருக்கும் வர்றதுதான். நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, இனிமே நான் உங்களுக்குச் சொல்லித் தர்றேன். நீங்க பாஸாகுறவரைக்கும் விடமாட்டேன்."

அன்று முதல் தினமும் மாலையில் புலி பாடம் எடுக்கிறான். மான் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு தேர்விலும் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வருகிறாள். எவ்வளவு நல்ல பொண்ணு, சேர்க்கை சரியில்லாமல் இப்படிக் கெட்டுப்போய்விட்டதே என்று கரடியார்தான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோகிறார்.

நீதி: அரியர் உள்ளவரை ஆயுள் உண்டு.