ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு வைத்தியர்கள்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைப் போட்டார் ஓக்னியான். கம்ப்யூட்டர் கண் விழித்தது. கூடவே அந்தச் சத்தமும் விழித்தது. குர்ர்ர்... பொளபொள... குர்ர்ர்.

அணைத்தார், நின்றது. போட்டார், குர்ர்ர்.

"இன்னைக்குப் பார்த்தா உனக்குச் சளி பிடிக்கணும்?" என்று கம்ப்யூட்டரிடமே கேட்டார்.

மாலை நான்கு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. வேலை பார்த்த ரூசே நகரத்து அச்சகத்தை இழுத்து மூடியதிலிருந்து மனிதர் வீட்டில்தான் இருக்கிறார். ஐம்பத்தாறு வயதுக்காரரை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டது சோஃபியாவில் ஒரு பாய்லர் கம்பெனி மட்டும். வெந்நீர் வராத கடுப்பில் போன் செய்கிறவர்களிடம், வீட்டிலிருந்தபடியே பொறுமையாகப் பேசும் வேலை. இதுவும் கை நழுவினால் அடுத்த அழைப்பு வரவே வராது.

மனைவி ஸ்லாட்கா பேக்கரிக்குக் கிளம்பும்போது அவர் காலரைச் சரிசெய்துவிட்டுத்தான் போனாள்.

"வீட்டு வேலை எதையும் இன்னைக்கு நினைக்காதீங்க. கோஸ் பீப்பாயைக்கூட நான் பார்த்துக்கறேன். குழாயை வாயில வச்சு ஊதிட்டு, இன்டர்வியூல மூச்சு வாங்கிட்டு நிக்காதீங்க."

குளிர்காலத்துக்குக் கோஸை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால், தினமும் குழாயால் ஊதி அடித்தண்ணீரைக் கலக்கிவிடுவது அந்த வீட்டில் ஓக்னியானின் பொறுப்பு. அதற்கு இன்று லீவு.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மெட்டோடி காபிக் கோப்பையோடு வந்தார். பெட்டியில் காதை வைத்தார்.

"உள்ள குப்பைப்பா. பாவம், மூச்சுத் திணறுது. 'கம்ப்யூட்டர் டாக்டர்'னு ஒண்ணு இருக்கு. இலவசம். போட்டுப் பாரு."

டாக்டர் வந்தார். ஆயிரத்து நானூறு நோய்களைக் கண்டுபிடித்தார். அத்தனையையும் குணப்படுத்தினார். சத்தம் குறையவில்லை; கம்ப்யூட்டர்தான் ஆமையாகிவிட்டது.

"மருந்து வேலை செய்யுது" என்றார் மெட்டோடி. "அடுப்புல பீன்ஸ் வச்சிருக்கேன், வரட்டா?"

ஓக்னியான் மச்சினன் க்ராசிமிருக்குப் போன் போட்டார்.

"மாமா! போயும் போயும் மெட்டோடி பேச்சையா கேட்டீங்க? அவர் வீட்டு ரிமோட்டுக்கு பேட்டரி மாத்திக் குடுக்கறதே நான்தான். 'காவலன்'னு ஒரு புரோகிராம் இருக்கு, அதைப் போடுங்க."

காவலன் வந்ததும் செய்த முதல் வேலை, டாக்டரைப் பிடித்து உள்ளே போட்டது. 'ஆபத்தான ஊடுருவல்' என்றது. டாக்டர் சும்மா இருப்பாரா? அவர் காவலனைப் புதிய நோய் என்று அறிவித்து ஒழித்துக்கட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இரண்டுமே உயிர்த்தெழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. ஒரே வீட்டில் குடிவந்த சம்பந்திகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று திரை முழுக்கப் புகார்ப் பெட்டிகளாகத் திறந்தன.

கேமராவைத் 'தேவையில்லாத கருவி' என்று டாக்டர் முடக்கினார். மைக்கை 'ஒட்டுக்கேட்கும் கருவி' என்று காவலன் முடக்கியது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் நல்ல ஒற்றுமை.

"மாமா, பதறாதீங்க. ரெண்டையும் துடைச்சுப் போட 'துடைப்பான்'னு ஒண்ணு இருக்கு" என்றான் க்ராசிமிர் மறுபடி போனில்.

"அது யாரோட சண்டை போடும்டா?"

"சண்டையே கிடையாது. எல்லாத்தையும் தூக்கிடும்."

க்ராசிமிர் பொய் சொல்லவில்லை. டாக்டர், காவலன், இணையம், நேற்று முழுக்க எழுதிவைத்த பதில்கள், எல்லாமே போயின. மிஞ்சியது ஒரு நீலத் திரையும் அந்தக் குர்ர்ரும்தான்.

மணி நான்கு. சாயங்காலம் ஸ்லாட்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது ஓக்னியானுக்குக் கண் கலங்கியது. மூக்கைச் சிந்திவிட்டு, கம்பெனிக்குச் செல்போனில் அழைத்தார். எடுத்தது இன்டர்வியூ எடுக்க வேண்டிய ரலிட்சாவேதான்.

"அம்மா, வீடியோவுல வர முடியல. தப்பு என்மேலதான்." எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆரம்பித்து துடைப்பான்வரை ஒன்றுவிடாமல் சொன்னார். மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"சரி சார், நேரா பரீட்சைக்கு வருவோம். எனக்கு வெந்நீர் வரல, ஷாம்பு தலையோட நிக்கறேன், கன்னாபின்னான்னு திட்டறேன். என்ன செய்வீங்க?"

"நல்லா திட்டுங்கம்மா, நான் எங்கயும் போகல. திட்டி முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு எதையும் திருகிடலையே?"

இந்த முறை ரலிட்சா வாய்விட்டே சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். போச்சு என்று நினைத்தார் ஓக்னியான்.

"சார், பின்னாடி என்ன சத்தம் அது?"

"அதுதாம்மா நோயாளி."

"அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல வேற ஏதாவது சொருகியிருக்கா, பாருங்க."

மேஜைக்குக் கீழே குனிந்தார். நேற்றுவரை இல்லாத ஒரு மெல்லிய வெள்ளை வயர், திரைச்சீலைக்குப் பின்னால், பால்கனிக் கதவின் அடியில் நுழைந்து போயிருந்தது.

"ஒண்ணு... பால்கனிக்குப் போகுதும்மா."

"எங்கம்மாவும் இந்த வருஷம் கோஸ் பீப்பாய்ல காத்து ஊத மீன்தொட்டி மோட்டார்தான் போட்டிருக்காங்க, இதே சத்தம்தான், திங்கட்கிழமை வேலையில சேருங்க, கம்ப்யூட்டர் நாங்க அனுப்பறோம், அதை மட்டும் தயவுசெஞ்சு வேற பிளக்ல சொருகுங்க!"