கருத்தப்பாண்டியின் நூறு குதிரைகள்

ஒரு காட்டில் தார்ச்சாலை போட்டார்கள். தார் காய்வதற்குள் கார்கள் வந்துவிட்டன. சிறுத்தை புத்தம்புது கார் வாங்கியது. ஓடுவதே தெரியாது, அவ்வளவு அமைதி. கருத்தப்பாண்டி என்ற கரடி வாங்கியதோ இருபத்துநான்கு வயதான கார். அதற்கு முன் மூன்று பேர் ஓட்டி அலுத்துப்போனது.

கரடி அதைக் குரங்கு மெக்கானிக் சூசையிடம் விட்டது. பானை வாய் அகலத்துக்கு ஒரு சைலன்சர் மாட்டினார்கள். ஏர் ஃபில்டரை மாற்றினார்கள். டிக்கி மேல் ஓர் இறக்கை, பக்கவாட்டில் சிவப்பு ஸ்டிக்கர்.

"சூசை, இப்ப எத்தனை குதிரை வரும்?" என்று கேட்டது கரடி.

"கம்பெனி குடுத்தது அறுபதுண்ணே. நாம பண்ணின வேலைக்கு, கண்ணை மூடிக்கிட்டு நூறு சொல்லலாம்."

கரடி கண்ணைத் திறந்துகொண்டே சொன்னது. ஓடைக்கரையில் சொன்னது, சந்தையில் சொன்னது, தேனடைக்குக் கீழே நின்று தேனீக்களிடம்கூடச் சொன்னது.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது. பழைய வண்டியில் கைவைத்தவர்கள் எல்லாரும் குதிரைத்திறனை அளந்து சீட்டு வாங்க வேண்டுமாம். கரடி விடிந்ததும் போய் வரிசையில் நின்றது. அளக்கும் அதிகாரி அரங்கநாயகம் ஒரு கழுதை. குதிரைத்திறனை அளக்கக் கழுதை எதற்கு என்று வரிசையில் யாரும் கேட்கவில்லை. கேட்ட முயல் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தது.

படிவத்தில் 'உரிமையாளர் எதிர்பார்க்கும் திறன்' என்று ஒரு கட்டம் இருந்தது. கரடி நூறு என்று எழுதி அடிக்கோடும் போட்டது. வண்டியை உருளைகள் மேல் ஏற்றினார்கள். கரடி ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் பக்கத்து மரத்திலிருந்து பழுக்காத இலைகளும் உதிர்ந்தன.

கழுதை சீட்டைக் கிழித்து நீட்டியது. "நாற்பத்தேழு."

"சார், மெஷினை ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

"தட்டிட்டேன். தட்டறதுக்கு முன்னாடி நாற்பத்தாறு."

கரடி நேரே சூசையிடம் போய்ச் சீட்டை நீட்டியது. "அறுபது இருந்ததே, மீதி எங்கடா?"

சூசை தலையைச் சொறிந்தது. "இருபத்துநாலு வருஷத்துல கொஞ்சம் குதிரை வயசாகிச் செத்திருக்கும்ணே. உயிரோட இருக்கறதுலயும் சிலது சக்கரம் வரைக்கும் வராது. கியர் பாக்ஸுலயே மேஞ்சிக்கிட்டு நின்னுரும்."

"அப்ப சைலன்சர்?"

"அது ஒரு குதிரை குடுக்கும். மேல வச்ச இறக்கை ரெண்டு குதிரையைத் தின்னுரும்."

கரடி சீட்டை மடித்து அக்குளில் செருகிக்கொண்டது. அன்று முழுக்க அது சந்தைப் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை, மான் செவ்வந்தியப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தது. "பாண்டியண்ணே, எம் பொண்டாட்டி பவளக்கொடிக்கு வலி எடுத்துருச்சு. குட்டி குறுக்க கிடக்குதாம். மலை மேல ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும்!"

"சிறுத்தைகிட்ட புது வண்டி இருக்கே, தம்பி."

"அவர் வண்டில ஏறினா இறங்குவோமாண்ணே? உங்களுது நூறு குதிரை. உங்களை நம்பித்தான் வந்தேன்."

நாற்பத்தேழு என்று சொல்லக் கரடி வாயைத் திறந்தது. சொன்னால் ஏறமாட்டார்கள். ஏறாவிட்டால் நடந்துதான் போக வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தது.

மலைப்பாதையில் முதல் வளைவுக்கே வண்டி திணறியது. பின்சீட்டில் பவளக்கொடி முனகியது.

"நூறையும் அவுத்து விடுங்கண்ணே!" என்று கத்தியது செவ்வந்தியப்பன்.

"விட்டுட்டேன் தம்பி!" என்றது கரடி. வியர்வை ரோமத்துக்குள் ஓடியது. முதல் கியர், கால் தரையோடு. வண்டி நடந்து போகிற வேகத்தில் ஏறியது. சத்தம் மட்டும் நூறு குதிரைக்குக் குறையவில்லை.

ஒன்பதாவது வளைவில் சாலை அடைத்துக் கிடந்தது. சிங்கத்தின் பேரனுக்குக் காதுகுத்து. காட்டில் பாதி அங்கே வண்டிகளோடு நின்றது. சிறுத்தையின் புது கார் நடுவில் மாட்டிக்கொண்டு மெல்லியதாக ஹார்ன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது கீழேயிருந்து அந்த உறுமல் வந்தது. பாறைகளில் மோதி இரண்டாகி, நான்காகி வந்தது.

"மலை சரியுது! ஒதுங்குங்க!" என்று அலறியது யானை. எல்லா வண்டிகளும் ஓரத்துக்குப் பாய்ந்தன. சிறுத்தையின் கார் புதருக்குள் போனது. காலியான சாலையில் கருத்தப்பாண்டியின் கார் நிதானமாக நடந்து போனது.

ஆஸ்பத்திரி வாசல் ஏற்றத்தில் இருந்தது. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று கரடி இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தது. அரைமணி கழித்துச் செவ்வந்தியப்பன் கண்ணீரோடு வெளியே ஓடி வந்தது. பெண்குட்டி. தாயும் சேயும் நலம். வந்த வேகத்தில் கரடியின் காலில் விழுந்துவிட்டது.

கரடியின் காலில் அதுவரை யாரும் விழுந்ததில்லை. அதற்குத் தாங்கவில்லை. மானைத் தூக்கி நிறுத்திச் சீட்டை எடுத்து நீட்டியது. "தம்பி, நான் பொய் சொல்லிட்டேன். நூறு இல்ல. நாற்பத்தேழுதான்!"

சைலன்சர் உறுமியது. அதன் புகையில் சீட்டு பறந்து பள்ளத்தாக்கில் இறங்கியது.

செவ்வந்தியப்பன் காதை மடக்கிக் கேட்டது. "நூத்தி நாற்பத்தேழா? அடேயப்பா!"

"இல்ல தம்பி, வெறும் நாற்பத்தேழு!"

"அதான்ணே, நூத்தி நாற்பத்தேழு! என்ன தன்னடக்கம் உங்களுக்கு!"

மாலைக்குள் காடெங்கும் சேதி பரவியது. சூசையின் பட்டறை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளாக, புதர் முள்ளைப் பிடுங்கியபடி, சிறுத்தை. உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் கருத்தப்பாண்டி அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டது.

நீதி: உண்மையை ஒருபோதும் மறைக்காதே. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடு.