உங்கள் வண்டி இப்போது சத்தம் போடுவதில்லை, மாமா

வீரசோழன்,
30.1.1994

அன்பும் மரியாதையும் நிறைந்த சகாபுதீன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் நிலோபர், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மா சுகம், அத்தா சுகம், இரண்டு ஆடுகளும் சுகம். அந்த வரிசையில் உங்கள் வண்டியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று மூன்று தாள்களைக் கிழித்தேன். மனசு வரவில்லை.

போன லீவில் தம்மாமிலிருந்து நீங்கள் கொண்டுவந்த ரிமோட் பெட்ரோல் காரைத்தான் சொல்கிறேன். முதலாளி மகன் விளையாடிச் சலித்துப் போட்டது, ஆட்டுக்குட்டி உயரம் இருப்பது. அங்கே நான்கு வருடம் அதைத் துடைத்து, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து அந்தப் பையன் கையில் கொடுத்தீர்களே தவிர, நீங்கள் ஒரு நாளும் ஓட்டியதில்லை என்றும், இங்கே வந்து வறண்ட கண்மாய்க்குள் ஒரே ஒரு சாயங்காலம் ஓட்டினீர்கள் என்றும் எனக்குத் தெரியும். மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து அந்தச் சத்தத்தைக் கேசட்டில் பிடித்து அனுப்பச் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை ரூமில் படுத்துக்கொண்டு கேட்பேன் என்றீர்கள். ஐந்து மாதம் ஒழுங்காக அனுப்பினேன். எஞ்சினில் கை வைக்கக் கூடாது என்று நீங்கள் கேசட்டில் பேசி அனுப்பியதும் நினைவிருக்கிறது. நினைவிருந்தும் கை வைத்தேன்.

தொடக்கம் நல்ல எண்ணம்தான். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பக்கத்து வீட்டு ஆசியா உம்மா வாசலுக்கு வந்து, "ஏ நிலோபரு, உங்க மாமா வண்டி கத்துன கத்துல ஏங்கோழி மூணு நாளா முட்ட வைக்கல. அவுக சவுதியில இருந்து முட்ட அனுப்புவாகளா?" என்று கேட்பார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது, புகையில்லாத வாகனம் செய்யலாமே என்று சார் சொன்னார், நானும் நூலகத்தில் மின்சாரம் பற்றிய புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். மின்மோட்டாருக்குப் புகை இல்லை, எண்ணெய் இல்லை, இரைச்சல் இல்லை என்று போட்டிருந்தது. மூன்றும் நன்மைகள் என்று அடிக்கோடு போட்டுக்கொண்டேன். இல்லாமல் போகும் அந்த இரைச்சல்தான் உங்களுக்குப் பிடித்தது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அத்தாவைக் கெஞ்சி, பாளையம்பட்டியில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் தனுஷ்கோடி அண்ணனிடம் வண்டியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனோம். அவர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது பொம்மையா, இல்ல லாரி போட்ட குட்டியா?" என்றார். எஞ்சினை இறக்கினார். அந்த இடத்தில், காரின் ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் விசிறியின் மோட்டாரை வைத்தார், ஸ்கூட்டர் பேட்டரியைக் கட்டினார், லாரி ஹாரனுக்குப் போடும் ரிலேயை சுவிட்சாக மாட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் முழு வேகம். "ஹாரனும் அப்படித்தான பாப்பா, அமுக்கினாக் கத்துது, விட்டா நிக்குது" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

கண்காட்சி அன்று ரிமோட்டை அமுக்கினேன், வண்டி புறப்பட்டது. விட்டேன், நிற்கவில்லை. மோட்டார் இழுத்த கரண்டில் ரிலேக்குள் இருந்த இரண்டு தகடுகளும் உருகி ஒட்டிக்கொண்டன என்பது பிறகு தெரிந்தது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் சத்தம் கேட்டே எல்லோரும் விலகியிருப்பார்கள். இது பூனை மாதிரி போய், எங்கள் வகுப்புப் பிரவீணா செய்து தரையில் வைத்திருந்த எரிமலையை வெடிப்பதற்கு முன்பே இடித்துத் தள்ளியது. நல்லவேளையாகத் திருப்புவது மட்டும் வேலை செய்ததால், கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றியே ஓட்டினேன். "பேட்டரி வயரப் பிடுங்கு பாப்பா!" என்று, பார்க்க வந்திருந்த தனுஷ்கோடி அண்ணன் கத்துகிறார், "நின்னாத்தானண்ணே பிடுங்க முடியும்!" என்று நான் கத்துகிறேன், நடுவர் டீ கிளாஸோடு வந்து "போதும்மா, நிறுத்திக் காட்டு" என்கிறார். "சார், நிறுத்துவது அடுத்த கட்டத் திட்டம்" என்றேன். பதினெட்டு நிமிடம் கழித்து பேட்டரி தீர்ந்து தானாக நின்றது. ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

எஞ்சினையாவது திரும்ப வாங்கி வைக்கலாம் என்று மறுநாள் அண்ணனின் பட்டறைக்குப் போனால் அதற்கும் வழியில்லை. அதை இறக்கிய அன்றே, திருச்சுழிப் பக்கத்திலிருந்து மாரிச்சாமி என்பவர், மிளகாய்க்கு மருந்தடிக்கும் முதுகு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதன் எஞ்சின் இறுகிப்போயிருந்தது, செடியெல்லாம் இலை சுருண்டு நிற்கிறது, இருப்பது அந்த ஒரு வெள்ளாமைதான் என்று கலங்கினார். சும்மா கிடக்கிறதே என்று உங்கள் எஞ்சினைக் கொடுக்கச் சொன்னது நான்தான். மெஷினுக்குப் பொருந்துவதற்காக எஞ்சினின் சுழலும் தண்டில் ஒரு விரல் அளவு அறுத்திருக்கிறார்கள். அறுத்த துண்டைத் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வத்தல் எடுத்து முடிப்பதற்குள் பங்குனி முடிந்துவிடும். நீங்களோ பெருநாளைக்கு வந்து முப்பது நாளில் போய்விடுவீர்கள். வந்ததும் நேராக வண்டியிடம்தான் போவீர்கள். இழுக்கக் கயிறு இருக்காது.

இந்த மாதச் சத்தத்துக்காக மாரிச்சாமி அண்ணனின் மிளகாய்க் காட்டுக்கே டேப் ரெக்கார்டரோடு போனேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் மருந்தடிக்க, நான் காற்றுக்கு எதிர்ப்பக்கம் வரப்பில் நடந்தேன். "எதுக்குப் பாப்பா இதப் பிடிக்கிற?" "சவுதியில எங்க மாமா கேக்கணும்ணே." "மருந்தடிக்கிற சத்தத்தையா? அங்கயுமா மொளகாயில பூச்சி?" என்றார். ஆகவே கேசட்டில் நடுவே இருமுவது அவர்தான். ஆனால் எஞ்சின் உங்களுடையதுதான், மாமா. ஏமாற்றவில்லை.

மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி உங்கள் சொல்லை மீறமாட்டேன். அம்மாவின் துஆவும், அத்தாவின் சலாமும், ஆசியா உம்மாவின் கோழிகள் சார்பில் நன்றியும் இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
வருந்தும் மருமகள்
நிலோபர்

பின்குறிப்பு: கேசட்டைக் கவரில் போடுவதற்கு முன் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். காட்டுக்குப் போன அவசரத்தில், டேப் ரெக்கார்டருக்குள் ஏற்கெனவே இருந்த உங்கள் கேசட்டிலேயே பிடித்திருக்கிறேன். "நிலோபரு, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், நல்லாக் கேட்டுக்க" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதற்கு மேல் எஞ்சின்தான் ஓடுகிறது. எஞ்சினைத் தொடாதே என்று நீங்கள் சொன்னதற்கு இப்போது ஊரில் எந்தச் சாட்சியும் இல்லை. உங்களுக்கும் நினைவில்லை என்றால், மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். நினைவிருந்தால் சீக்கிரம் வந்து நேரில் திட்டுங்கள். ராத்திரி சாப்பிடும்போது உங்கள் குரலைப் போடச் சொல்லி அம்மா கேட்கிறார்கள், போட இப்போது வேறு கேசட் இல்லை. நீங்கள் திட்டுவதைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.