நாலாம் மாடித் தள்ளுவண்டி

லிஃப்ட் மெக்கானிக் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சபதம் எடுத்தார். தலைகீழாக நின்றாலும் சரி, மச்சான் வீட்டுக்குப் போவதில்லை.

அன்று டி.வி.யில் கால்பந்து இறுதி ஆட்டம். மச்சான் வீட்டிலும் டி.வி. உண்டு. அதை மறைத்துக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருப்பார். தன் வயிற்றுக் கோளாறை அவர் ஆதியோடந்தமாகச் சொல்லி முடிப்பதற்குள் கோப்பையை வாங்கிக்கொண்டு ஆட்டக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

"வரமாட்டேன்" என்று மனைவி முகத்துக்கு நேரே சொல்ல மெக்கானிக்குக்குக் கல்யாணமான நாளாய்த் தைரியம் வந்ததில்லை. ஆகவே பழியைக் குழந்தையின் தள்ளுவண்டி தலையில் போட்டார்.

கடையில் மடக்குகிற சின்ன வண்டிகளும் இருந்தன. "நம்ம பிள்ளை என்ன குடையா, மடக்கி வைக்க?" என்று இருப்பதிலேயே பெரிசாகப் பார்த்து எடுத்தவர் அவர்தான். லிஃப்டுக்குள் அது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். நாலாம் மாடியிலிருந்து படியில் இறக்க ஆள் படை வேண்டும். பயலோ அந்த வண்டி இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டான். தூக்கிக்கொண்டு போனால் ஊரைக் கூட்டிவிடுவான்.

லிஃப்ட் நின்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் பயணம் நிற்கும். மெக்கானிக் ஓசைப்படாமல் மொட்டை மாடிக்குப் போய் லிஃப்டின் சுவிட்சை அணைத்தார். கன்னத்தில் கொஞ்சம் கிரீஸும் தடவிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னங்க, மூஞ்சியெல்லாம் கறுப்பா?"

"லிஃப்ட் படுத்துடுச்சும்மா. பெரிய கோளாறு. புதுசா ஒரு பார்ட் வந்தாத்தான் ஓடும்."

"அடடா! எப்ப வரும்?"

"நாளைக்குத்தான். உங்கண்ணன் வீட்டுக்கு இன்னொரு நாள் போலாம். எனக்கும் மனசே சரியில்ல."

"மனசு சரியில்லாமலா விசில் அடிச்சுக்கிட்டு வந்தீங்க?"

"அது மூச்சு வாங்குற சத்தம்!"

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அண்ணன் வீட்டுக்கு. வண்டிதானே இறங்காது? நான் இறங்குவேன். குழந்தை உங்ககிட்ட இருக்கட்டும்."

"இரு, இரு! அஞ்சு நிமிஷத்துல லிஃப்டைச் சரி பண்ணிடறேன்!"

"பார்ட் நாளைக்குத்தானே வரும்?"

மெக்கானிக் கன்னத்துக் கிரீஸை இன்னும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் கஷ்டமில்லைங்க. வண்டி ஓடிக்கிட்டே இருந்தா அவன் சமர்த்து. நின்னாத்தான் கத்துவான்."

கதவு சாத்திக்கொண்டது. ஆட்டம் தொடங்கியது. மெக்கானிக் பயலை வண்டியில் போட்டு டி.வி. முன்னால் நிறுத்தினார். வீல் என்று ஒரு கத்தல். தள்ளினார். இவ்வளவு பெரிய வண்டியை அந்தக் கூடத்தில் திருப்ப வழியில்லை. சமையலறை வரை முன்னால் தள்ளி, அப்படியே பின்னால் இழுத்து வரவேண்டும். அவர் அடுப்பைப் பார்த்து நின்ற நேரத்தில் டி.வி.யில் "கோல்!" என்று ஒரு கூட்டமே அலறியது.

அவர் அரக்கப்பரக்க வண்டியைப் பின்னால் இழுக்கையில் வெளியே இன்னொரு சத்தம். தொழிலில் தினமும் கேட்கிற சத்தம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். லிஃப்ட் ஜம்மென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது:

"மேல போய் சுவிட்சைப் போட்டுட்டேங்க! யார் ஜெயிச்சாங்கன்னு வந்ததும் சொல்லுங்க!"